கோட்ட நானே கழட்டிக்கறேன்

ஐயோ வேணாம், விடுங்க விடுங்க வக்கீல் சார். கோட்ட நானே கழட்டிக்கறேன். மரியாதைக்குத்தான் கை நீட்டினீங்க, தெரியும். எனக்குத் தோள்பட்டை வலி, பின்னாடிலேர்ந்து யாராவது இழுத்தா உயிர் போயிடும். கோவிச்சுக்காதீங்க. உங்க கோட்ட அந்தக் கொக்கியில மாட்டுங்க. இல்ல இல்ல, அந்தப் பச்சக் கோட்ட நகத்தாதீங்க, அது அப்படியே இருக்கட்டும். என்னுது இல்ல. அதப் பத்தியும் சொல்லத்தான் போறேன், மொதல்ல உக்காருங்க.

கீழ கோட்டு கவுண்ட்டர்ல ஸ்டெஃபானியாம்மா கத்தினத மனசுல வெச்சுக்காதீங்க. கோட்டோட மாடி ஏறக் கூடாது, கவுண்ட்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும், அதான் இங்க சட்டம். யுனிவர்சிட்டிக்கே தலைவர், அந்த ரெக்டரே வந்தாலும் அந்தம்மா விடாது. இந்தக் கட்டடத்துலயே கோட்டோட மேல வர்ற ஒரே ஜென்மம் நான்தான். அதுக்கு நான் போட்ட சண்ட கொஞ்சநஞ்சமில்ல. இன்னிக்கு நீங்க என் கூட வந்ததால தப்பிச்சீங்க.

டீ போடறேன். எலுமிச்சம்பழம் போட்டுத்தானே? ஹீட்டரக் கொறைக்க முடியாது, பொறுத்துக்குங்க. ஒண்ணு நம்மள அவிச்சு எடுக்கும், இல்லன்னா செத்துக் கெடக்கும், நடுவுல ஒண்ணும் கெடையாது. அப்புறம், இந்த டாக்டர் மேடம் வேணாம் சார். இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க, திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலிக்குது. பேருக்கு முன்னாடி ஒரு பட்டம் இல்லன்னா இவங்களுக்கு வணக்கம் சொல்லவே வராது. நான் பட்டம் வாங்கல. ஆரம்பிச்சேன், முடிக்கல. லுட்மிலா மேடம்னு சொல்லுங்க, போதும்.

ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தீங்க. ட்ராம்ல நாலு பேரு காது குடுத்துக்கிட்டு இருந்தாங்க, அதான் நான் வாயத் தொறக்கல. அடுத்த வாரம் ஒழுங்கு கமிட்டி உக்காரப் போவுது, இத்தன நாள் நீங்க பாத்த கேச இப்பப் போயி வார்சாவுலேர்ந்து என்னக் கூப்பிட்டு ஏன் குடுக்கறீங்கன்னுதானே? ரெக்டரும் அதத்தான் கேட்டாரு. களைப்பா இருக்குன்னு சொன்னேன். அது பொய்யில்ல சார். எனக்கு நெஜமாவே களைப்பா இருக்கு.

வெளிய போர்டுல சமத்துவ அலுவலகம்னு போட்டிருக்கே, பசங்க இதுக்கு வெச்சிருக்கற பேரு என்ன தெரியுமா? அழுகை ரூம். தப்பில்ல. உக்ரைன்லேர்ந்து வந்த பொண்ணு ஒண்ணு, அது வாயத் தொறந்தாலே அதோட ஆசிரியர் அத மாதிரியே பேசிக் காட்டுவாராம், க்ளாஸே சிரிக்கும். சக்கர நாற்காலியில வர்ற பையன், லிஃப்ட்டு ரிப்பேர்னு அவனுக்கு வருஷம் பூரா மூணாவது மாடியில க்ளாஸ் போட்டிருந்தாங்க. ஏன்டாப்பா கீழ மாத்தக் கூடாதான்னா, டைம்டேபிள் போட்டாச்சாம். பொண்ணுங்களுக்குக் கணக்கு வராதுன்னு வருஷா வருஷம் மொத க்ளாஸ்ல ஜோக்கடிக்கற மகானுபாவர் ஒருத்தர். எல்லாரும் இங்கதான் வருவாங்க. இவங்க அழுவாங்க. அப்புறம் இவங்க யாரச் சொன்னாங்களோ அவங்களும் வந்து அழுவாங்க. நான் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுப்பேன். அதுக்குள்ள டீன் ஃபோன் பண்ணுவாரு, லுட்மிலா, இத நாம நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாமேன்னு. இந்த மனுஷனுக்கு எல்லாத்தையும் பூசி மெழுகணும், அவ்ளோதான்.

ஒண்ணு கவனிச்சிருக்கேன். தப்பு பண்ணினவரு கதவத் தொறந்ததும் நேரா விஷயத்துக்கு வந்துருவாரு. மேடம் இதுல என்ன நடந்துச்சுன்னான்னு ஆரம்பிச்சு, கடகடன்னு கொட்டிட்டுப் போயிருவாரு. அடி பட்டவங்க அப்படி இல்ல. பனியப் பத்திப் பேசுவாங்க. ட்ராம் லேட்டுன்னுவாங்க. இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தறீங்களான்னு கேப்பாங்க. பேசிப் பேசி, கடைசியில எழுந்து போறப்பதான், அப்புறம் இன்னொண்ணு மேடம்னு வரும். அந்த இன்னொண்ணுக்காகத்தான் அவ்ளோ பேச்சும். அதனாலதான் அந்த நாற்காலிய ஜன்னலப் பாத்து போட்டிருக்கேன். என் மூஞ்சியப் பாக்காம வெளிய பாத்துக்கிட்டே பேசலாம். இல்ல, நீங்க இங்கயே உக்காருங்க. அது அவங்களுக்கு.

கிங்காவும் அப்படித்தான் வந்தா. இந்த ஜனவரிலதான். ஆத்துல பனி ஒறஞ்சு போயிருந்த வாரம். ஒரு ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கிட்டு, கழுத்துல ஒரு துணியச் சுத்திக்கிட்டு, ஒதடெல்லாம் நீலமா வந்து நிக்குது பொண்ணு. எனக்குப் பதறிப் போச்சு. ஏம்மா, கோட்டு இல்லயான்னேன். இருக்கு மேடம்னா. பின்ன எங்கன்னேன். கீழ தொங்குதுன்னா. போட்டுக்க முடியலங்கறா. நான் என்னமோ கிழிஞ்சிருச்சு போலன்னு நெனச்சேன்.

வரலாற்றுத் துறையில ஆராய்ச்சி பண்ற பொண்ணு. அப்பா சுரங்கத் தொழிலாளி, அந்தக் குடும்பத்துல காலேஜ் வாசப்படி ஏறின மொத ஆளு இதுதான். வழிகாட்டி யாருன்னா ப்ரொஃபசர் பிலார்ஸ்கி. நீங்க டிவியில பாத்திருப்பீங்க, பட்டுக் கழுத்துத் துணியும் வெள்ள முடியுமா வந்து பழைய ராஜாக்கள் கதையெல்லாம் சொல்வாரு. ஆமா, அவரேதான். வியாழக்கிழமை வியாழக்கிழமை அவரோட கருத்தரங்கு. அது முடிஞ்சதும் எல்லாருமாக் கீழ கோட்டு கவுண்ட்டருக்குப் போவாங்க. அங்கதான்.

நம்ம ஊர்ல ஆம்பளைங்க பொம்பளைங்களுக்குக் கோட்டு பிடிக்கறது சகஜம்தானே. நீங்களே இப்ப கை நீட்டினீங்க. அத யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க. இவரு என்ன பண்ணுவாருன்னா, பொண்ணு கையிலேர்ந்து டோக்கன வாங்கிக்குவாரு. ஸ்டெஃபானியாம்மாகிட்ட குடுத்துக் கோட்ட இவரே வாங்குவாரு. பின்னாடி நின்னு விரிச்சுப் பிடிப்பாரு. நீங்க கோட்டு போடறப்ப யோசிச்சிருக்கீங்களா சார், ரெண்டு கையும் ஒரே நேரத்துல கோட்டோட கைக்குள்ள போற ஒரு நிமிஷம் இருக்கு. அப்ப உங்களுக்குக் கையே கெடையாது. பின்னாடி நிக்கறவன் கோட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்னா திரும்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. அந்த ஒரு நிமிஷத்துலதான் எல்லாம். கை முன்னாடி வரும், பட்டன் போட்டு விடற மாதிரி. மோவாய் வந்து தலையில உக்காரும். காதுல எதையாவது சொல்வாரு. சுத்தி ஏழெட்டுப் பேரு நின்னு ஷால் சுத்திக்கிட்டு, குல்லா மாட்டிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பாக்கறது என்ன? ஒரு பெரிய மனுஷன் மாணவிக்குக் கோட்டு பிடிக்கறாரு. அடடா, அந்தக் காலத்துப் பண்புன்னு சொல்லிக்கிட்டே போவாங்க.

வேணாம்னு சொல்லத்தான் செஞ்சா சார், சொல்லாம என்ன? நானே போட்டுக்கறேன் சார்னு சொல்லியிருக்கா. அவரு எல்லாரையும் பாத்து, பாத்தீங்களா, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு மரியாதை பண்ணினாக் கூட வலிக்குதுன்னிருக்காரு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அடுத்த வாரமே இவ எழுதின அத்தியாயம் ஒண்ணுக்கும் ஒதவாததாப் போச்சு. அதே அத்தியாயத்த அதுக்கு முந்தின மாசம் பிரமாதம்னு சொன்ன மனுஷன். அப்புறம் நவம்பர்ல ஒரு நாள், கோட்ட விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, இவ திரும்பிப் பாக்காம ஸ்வெட்டரோட வெளிய ஓடிட்டா. கோட்டும் டோக்கனும் அவரு கையிலயே நின்னு போச்சு. மறதிக்காரப் பொண்ணுன்னு சொல்லிக் கோட்டத் திரும்ப கவுண்ட்டர்லயே மாட்டச் சொல்லிட்டாரு. டோக்கன மட்டும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு.

இப்ப அவ நெலம என்னன்னா, வழிகாட்டி இன்னொரு தடவ இவளால முடியாதுன்னு எழுதிக் குடுத்தா வசந்த காலத்துல பேர அடிச்சிருவாங்க. நாலு வருஷப் படிப்பு, உதவித்தொகை, எல்லாம் போச்சு. ஊருக்குத் திரும்பிப் போயி அப்பா மூஞ்சியில எப்படி முழிக்கறது மேடம்னு கேட்டா. அவளுக்கு வேண்டியது ஒண்ணுதான் சார். வேற வழிகாட்டி. கமிட்டி அவரு பண்ணினது தப்புன்னு சொன்னாத்தான் மாத்துவாங்க. இல்லன்னா கட்டிக்கிட்ட மாதிரிதான், அவரோடவே கெடக்கணும்.

நாங்க பண்ணின கூத்த சொல்றேன் கேளுங்க. ரகசியம் காக்கணுமே. கிங்கா பின்பக்கப் படிக்கட்டு வழியா வருவா, அவரு முன்பக்கம். இவ காலையில, அவரு சாயங்காலம். அவருக்குப் போன நோட்டீஸ்ல ஒரு மாணவின்னுதான் போட்டோம், பேரு இல்ல. எல்லாம் சட்டப்படி சுத்தம். ஆனா பின்பக்கப் படிக்கட்டு எங்க ஆரம்பிக்குது? கோட்டு கவுண்ட்டருக்குப் பக்கத்துல. அந்தப் பொண்ணு மேல ஏறறப்பல்லாம் ஸ்டெஃபானியாம்மா கத்தும், ஏம்மா, உன் பச்சக் கோட்டு இன்னும் இங்கயேதான் தொங்குது, எப்ப எடுத்துட்டுப் போவன்னு. அந்தம்மா பாவம், அக்கறையில கேக்குது. கட்டடம் பூரா ஜனவரிக் குளிர்ல கோட்டு இல்லாம அலையற பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான், அது எங்க போகுது வருதுன்னு சின்னக் கொழந்த கூட சொல்லும். நாங்க பேர மறைச்சோம், கோட்ட மறைக்கல. அறிவு கெட்ட வேல.

அவரு விசாரணைக்கு வந்தப்ப கையில ஒரு டப்பா. கசகசா கேக்கு. இன்னொரு கையில மடிச்சுப் போட்ட பச்சக் கோட்டு. ஆமா சார், இதேதான், டோக்கன் அவருகிட்டதானே இருந்துச்சு. வந்ததும் வராததுமா, இந்தப் பொண்ணு அடிக்கடி உங்கள வந்து பாக்குதுன்னு கேள்விப்பட்டேன், பாவம் குளிருமே, நீங்களே குடுத்துருங்கன்னு டேபிள் மேல வெச்சாரு. சிரிச்ச மூஞ்சி. பேரே போடாத நோட்டீசுக்கு அவரு குடுத்த பதில் அது. அதுக்கப்புறம் கிங்காகிட்ட சொன்னேன், எடுத்துட்டுப் போம்மான்னு. அத அவ தொடவே இல்ல. யாருக்காவது குடுத்துருங்க மேடம்னுட்டா. இப்ப கையே இல்லாத கம்பளி ஒண்ணத் தலை வழியா மாட்டிக்கிட்டுத் திரியறா. நல்ல கோட்டு சார், கம்பெனிக் கோட்டு. அவங்கம்மா வாங்கிக் குடுத்தது.

அவரு என்ன சொன்னாருன்னா? கோட்டு பிடிச்சது குத்தம்னா போலந்துல பாதி ஆம்பளைங்க உள்ள இருக்கணும் மேடம்னாரு. அந்தக் காலத்து மரியாதையாட்டம் என் கையப் பிடிச்சு முத்தம் குடுக்க வந்தாரு. நான் ரெண்டு கையாலயும் டீ ட்ரேயத் தூக்கிக்கிட்டேன். கதவுல இருந்த பேர வாசிச்சாரு. லுட்மிலாவா, அழகான பேரு, இப்பல்லாம் யாரும் வெக்கறதில்லன்னாரு. என் மூஞ்சிய நல்லா ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் உக்காந்து அந்தக் கசகசா கேக்க அவரே வெட்டினாரு.

கமிட்டித் தலைவர் நல்லவருதான். ஆனா அவரு கறாரா சொல்லிட்டாரு, லுட்மிலா, ஒரு வாய் இப்படிச் சொல்லுது, ஒரு வாய் அப்படிச் சொல்லுது, பாத்தவங்க எல்லாம் மரியாதைங்கறாங்க, நான் என்ன பண்ண முடியும், இன்னொரு வாய் கொண்டு வாங்கன்னு. அப்பத்தான் ஆரம்பிச்சேன் தேட. அவருகிட்ட படிச்ச பொண்ணுங்க ஒண்ணா ரெண்டா? தலைகீழா நின்னு பாத்துட்டேன் சார். போஷேனான்னு ஒருத்தி, இப்ப அவளே ஒரு துறைக்குத் தலைவி. அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, நீயும் மறந்துருன்னா. மறந்தாச்சுன்னா என்ன அர்த்தம், மறக்க ஏதோ ஒண்ணு இருந்துச்சுன்னுதானே? கேட்டேன். ஃபோன வெச்சுட்டா. க்ராகோவ்ல ஒருத்தி, அவரு பேர நான் சொன்னதும் அழுதா, ரொம்ப நேரம் அழுதா, அப்புறம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா. இன்னொருத்தி சிரிச்சா. ஐயே, அந்தக் கிழவரா, அவரு எல்லாருக்கும்தானே அப்படி, இதுக்கெல்லாமா புகார்னா. அவங்க யாரையும் நான் திட்ட மாட்டேன். அவங்கவங்க பயம் அவங்கவங்களுக்கு. பட்டம், வேல, புருஷன், இன்னும் அவரு எழுதித் தர வேண்டிய சிபாரிசு.

போன வாரம் கிங்கா வந்தா. இதே ஜன்னலப் பாத்துக்கிட்டே கேட்டா, ஒருத்தி கூடவா மேடம் இல்லன்னு. இத்தன வருஷத்துல ஒருத்தி கூடவா இல்ல, அப்ப எனக்கு மட்டும்தானா, நான்தான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனான்னு கேட்டா. தேடறேம்மான்னு சொன்னேன். அவ மூஞ்சியப் பாத்து சொன்னேன் சார், தேடறேன்னு.  மறுநாள் காலையில ரெக்டர் கதவத் தட்டி, வெளியூர்லேர்ந்து ஒரு ஆளப் போடுங்க, எனக்குக் களைப்பா இருக்குன்னு சொன்னேன்.

அதனால நீங்க மொதல்லேர்ந்து பண்ணணும் சார். நான் எடுத்த வாக்குமூலம் எல்லாத்தையும் தூக்கி ஓரமா வெச்சுருங்க. கிங்காகிட்ட நீங்களே கேளுங்க, அவருகிட்டயும் நீங்களே கேளுங்க. கமிட்டியத் தள்ளி வெக்கச் சொல்லுங்க, கேட்டா டைம் குடுப்பாங்க. நான் விசாரிச்சதுன்னு ஒரு வரி அதுல இருந்தாக்கூட அவரு வக்கீல் அதப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கிழிச்சிருவான். ஏன் கிழிப்பான்னா... இருங்க, டீ ஆறிப் போச்சு பாருங்க, வேற போடட்டுமா? வேணாமா.

நான் ஃபோன் பண்ணின அந்தப் பொண்ணுங்க பேரக் குடுங்கன்னா எப்படி சார் குடுக்கறது? முடியாதுன்னு சொன்னவங்க பேர நான் தர மாட்டேன், அது வேல செய்யற மொற இல்ல. ஆனா உங்களுக்கு ரெண்டாவது வாய் வேணும், அவ்ளோதானே? கொஞ்சம் எழுந்திரிங்க. இந்தப் பக்கம் வாங்க, என் நாற்காலியில உக்காருங்க. பரவால்ல, உக்காருங்க. வசதியா இருக்கா? முதுகுக்கு ஒரு தலகாணி இருக்கும். நான் அங்க உக்காந்துக்கறேன். அந்த ஜன்னலப் பாத்த நாற்காலியில. எத்தன வருஷமாப் போட்டு வெச்சிருக்கேன், இதுலேர்ந்து என்ன தெரியும்னு ஒரு நாளும் உக்காந்து பாத்ததில்ல. ட்ராம் ஸ்டாப்பு தெரியுது. நல்லாத்தான் இருக்கு.

இந்த வேல இனிமே எனக்கு இருக்காது, தெரியும். கிங்கா வாயிலேர்ந்து அவரு பேரு வந்த அன்னிக்கே நான் இந்தக் கேச விட்டு எழுந்து போயிருக்கணும். யாராவது ஒருத்தி வந்துருவா வந்துருவான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். பயம் சார். எனக்கும் பயம்தான். கேளுங்க, நீங்க கேக்க வேண்டியத மொதல்லேர்ந்து கேளுங்க, நான் எத்தன பேருகிட்ட கேட்டிருக்கேன். பேரு கேப்பீங்க. லுட்மிலா வோலான்ஸ்கா. எப்படித் தெரியும்னு கேப்பீங்க. வரலாற்றுத் துறையில அவருகிட்ட ஆராய்ச்சி மாணவி. ஒரே ஒரு குளிர்காலம், அதோட படிப்ப விட்டுட்டேன். அப்ப அவருக்குக் கறுப்பு முடி. கவுண்ட்டர் இதேதான். என் கோட்டு காபிப்பொடிக் கலரு, தச்சது, கையெல்லாம் இறுக்கம், உள்ள போனா சட்டுனு வெளிய எடுக்க வராது. அழகான பேரு, இப்பல்லாம் யாரும் வெக்கறதில்லன்னு சொன்னாரு, என் காதுல. அதே வார்த்தைய அன்னிக்குக் கதவுல பேர வாசிச்சுட்டு இங்க சொன்னாரு பாருங்க, அவருக்கு நான் யாருன்னு கூட ஞாபகம் வரல.

எழுதிக்கோங்க சார். அப்புறம் இன்னொண்ணு, அதையும் சேத்து எழுதிக்கோங்க. வலின்னு சொன்னேனே, என் தோள்பட்டைக்கு ஒண்ணும் இல்ல.